ரம்பம் நின்றால் தீர்ப்பு

மரம் அறுக்கும் மில்லில் அவரை நீதிபதி என்றுதான் கூப்பிடுவார்கள். கறுப்புக் கோட்டும் கிடையாது, மேசையைத் தட்டச் சுத்தியலும் கிடையாது. மரத்தூள் படாமல் காதோடு சேர்த்துத் தலையில் கட்டிய துண்டு, வாய் நிறையத் தீர்ப்பு, அவ்வளவுதான் அவருடைய கோர்ட்டு. டீ நேரத்துக்கு மோட்டாரை அணைத்தால் பெரிய ரம்பம் உடனே நிற்காது. மேலும் கீழும் இருக்கிற இரண்டு சக்கரமும் மனசில்லாமல் சுற்றிச் சுற்றித்தான் அடங்கும். அவை அடங்குவதற்குள் நீதிபதி ஆரம்பித்துவிடுவார். மறுபடி மோட்டார் உறுமுகிறவரை நிறுத்த மாட்டார்.

எதிர்ச் சாரியில் இருக்கும் டீக்கடை பெஞ்சில்தான் விசாரணை நடக்கும். கேட்பவர்கள் மூன்று பேர். ரம்பத்துக்கு எதிர்ப்பக்கம் நின்று பலகையை இழுக்கிற மச்சான், அதாவது நீதிபதியின் மனைவிக்குத் தம்பி. சக்கரங்களில் ஓடுகிற ரம்ப வாளுக்குப் பல் தீட்டுகிற ஆள் ஒருவர். அவருக்கு அரம் என்று பெயர். தண்டவாள வண்டியில் மரத்தைத் தள்ளிக்கொண்டு வருகிற ஆள் இன்னொருவர், அவர் டிராலி. மூவரும் தலையாட்டுவார்கள். நடுநடுவே அவர்கள் வாயும் அசையும். ஆமாம் என்றுதான் அசைகிறது, வேறு என்ன சொல்லிவிடப் போகிறார்கள் என்பது நீதிபதியின் நினைப்பு.

உலகத்தில் அவர் தீர்ப்புக்கு உட்படாத விஷயம் இல்லை. சினிமாவுக்குப் போகவே மாட்டார், ஆனால் போஸ்டரைப் பார்த்தே சொல்லிவிடுவார். கதாநாயகன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால் படம் தேறாது. "மூஞ்சியைக் காட்டவே யோசிக்கிறான், கதையை எங்க காட்டப் போறான்?" பாட்டுக்கு ஒரே தீர்ப்பு: "இப்ப வர்ற பாட்டுல ஒரு வார்த்தையாவது காதுல விழுதா?" மூவரும் இதற்கு மட்டும் உயிரைக் கொடுத்துத் தலையாட்டுவார்கள். போனில் பேசுவது மரியாதைக் குறைவு, எழுதி அனுப்புகிறவன்தான் நாகரிகம் தெரிந்தவன் என்பார். வெளியூரில் வேலை பார்க்கும் அவருடைய மகள், அப்பா எப்படிக் காலத்தோடு ஒட்டி வாழ்கிறார் பார் என்று தோழிகளிடம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

அரசியலில்தான் அவருக்குப் பேரும் புகழும். டீக்கடை டிவியில் தலைவர்கள் பேசும்போது நீதிபதி அவர்கள் கையை மட்டும் பார்ப்பார். "விரலை நீட்டிப் பேசுறவன் செய்ய மாட்டான். உள்ளங்கையை விரிச்சுப் பேசுறவன் வாங்குவான். ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டுப் பேசுறவன் ஏற்கெனவே வாங்கிட்டான்." தேர்தல் முடிவை அவர் பெரும்பாலும் சரியாகவே சொன்னார். டிவியில் டை கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் அலசுகிறவர்களுக்கு அந்த அளவுகூட வாய்க்கவில்லை. காரணம் சாதாரணமானது. அவர்கள் பேச்சைக் கேட்டார்கள். இவருக்குக் கேட்கவில்லை.

ஆமாம், அதுதான் விஷயம். நீதிபதிக்குக் காது போய்ப் பல வருஷமாகிவிட்டது. அடியோடு போகவில்லை, எதிரில் முகம் பார்த்துச் சத்தமாகப் பேசினால் உதட்டையும் சத்தத்தையும் கூட்டிக் கழித்துப் புரிந்துகொள்வார். பக்கத்தில் இருந்து பேசினால் பாதி. பின்னால் இருந்து பேசினால் சுவரிடம் பேசிய மாதிரி. ஆனால் பேசிக்கொண்டே இருக்கிறவனுக்கு எதையும் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதை அவர் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார். ஊர் அவரைக் கருத்துள்ள மனிதன் என்றது. அவர் மறுக்கவில்லை.

காதை மறைக்கப் பட்ட அத்தனை பாடும் ரம்பத்துக்காகத்தான். முதலாளி நல்ல மாதிரி, ஆனால் ஒரு சட்டத்தில் மட்டும் இரும்பு: காது கேட்காதவன் ரம்பத்துக்கு முன்னால் நிற்கக் கூடாது. மரத்துக்குள் எங்கேயாவது பழைய ஆணி இருந்தால், வாள் அதைத் தொட்டதும் சத்தம் மாறும். அந்த நொடியே நிறுத்தாவிட்டால் வாள் அறுந்து பாம்பு மாதிரிப் பாயும். எதிர்ப்பக்கம் இழுக்கிறவன் கை சிக்கிக்கொண்டு கத்தினாலும் கேட்க வேண்டும். நீதிபதிக்கு முன்னால் ரம்பத்தில் நின்றவர் அந்தக் காலத்தில் ராஜா மாதிரி இருந்தவர். காது மந்தம் என்று தெரிந்த அன்றே பின்கட்டில் மரத்தூள் மூட்டை கட்ட அனுப்பப்பட்டார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார். தாண்டிப் போகிறவர்கள் அவரையும் ஒரு மூட்டையாக நினைத்துத்தான் தாண்டிப் போகிறார்கள். அந்த மூலையைக் கடக்கும்போதெல்லாம் நீதிபதி நடையை எட்டிப் போடுவார்.

மனசைத் தேற்றிக்கொள்ள அவருக்கு ஒரே ஒரு வழி இருந்தது: எதிரில் மச்சான் இருக்கிறான். சின்ன வயசு, காது கூர்மை. வாள் முனகினால் அவன் முகம் மாறும், அதைப் பார்த்து நிறுத்திக்கொள்ளலாம். அதனால் அவர் வாளைப் பார்ப்பதைவிட மச்சான் முகத்தைத்தான் அதிகம் பார்த்தார். மச்சானும் கண்ணை எடுக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணமான புதிதில் புருஷன் பெண்டாட்டிகூட அப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

கடைசியில் கண்டுபிடித்தது மனைவிதான். ஒரு விடுமுறை நாளில் அவர் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தம்மா பின்னால் நின்று கொஞ்ச நேரம் ஏதோ சொன்னாள். பிறகு முன்னால் வந்து பேப்பரின் மேல் கையை வைத்தாள்.

"எவ்வளவு நாளா?"

"என்ன எவ்வளவு நாளா?"

"வீடு பத்தி எரியுதுன்னு சொன்னேன். உங்க அக்கா வந்து ஆறு மாசம் தங்கப் போறாங்கன்னு சொன்னேன். எதுக்கும் அசையல. அந்த மந்திரி போட்டோவையே முறைச்சுக்கிட்டு இருக்கீங்க."

"அவன் முழியே சரியில்ல."

"அவன் முழி கிடக்கட்டும். உங்க காது?"

நீதிபதி பேப்பரை மடித்தார். "இந்தக் காலத்துல எல்லாரும் வாய்க்குள்ளயே பேசுறாங்க. டாக்டர்ங்க அதைவிட மோசம். அதுக்கு நான் என்ன பண்றது?"

"நான் வாய்க்குள்ள பேசுறவளா?"

அதற்கு அவரால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. அக்கம்பக்கம் சாட்சி சொல்லிவிடும்.

"இந்த மனுஷன் என் பேச்சை மதிக்கிறதே இல்லன்னு இத்தனை வருஷமா உள்ளுக்குள்ளயே வெந்துக்கிட்டு இருந்தேன்" என்றாள். "மதிக்காம இல்ல. விழவே இல்ல." சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் சும்மா இருக்கிறவனை நோயாளியாக்குகிறவர்கள் என்ற தனது பழைய தீர்ப்பைப் போகிற வழியெல்லாம் அவளுக்கு எடுத்துச் சொன்னார். காது பார்க்கும் இடத்தில் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தபோது அங்கிருந்த பெண்ணிடமும் சொன்னார். அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "ஐயா, இது வயசால வந்ததில்ல. சத்தத்தால வந்தது. உங்ககூட வேலை பாக்குறவங்களுக்கும் இருக்கும்" என்றாள். அவர் அதைத் தள்ளுபடி செய்தார். கடைசியில் காதுக்குப் பின்னால் மாட்டுகிற ஒரு சின்னக் கருவியோடு வீட்டுக்கு வந்தார். ரம்பம் ஓடும்போது மாட்டக் கூடாது, அப்போது காதை அடைத்துக்கொள்ள வேண்டும், மற்ற நேரம் மாட்டலாம் என்பது உத்தரவு. தலையில் கட்டுகிற துண்டு அதை மறைத்துவிடும்.

மறுநாள் டீ நேரம். ரம்பம் அடங்கும்போது நீதிபதி ஓரமாகத் திரும்பி, சட்டைப் பையில் இருந்த டப்பாவைத் திறந்து, துண்டுக்கடியில் கருவியை மாட்டிக்கொண்டார். செருப்புச் சத்தமே அவரைத் திடுக்கிட வைத்தது. பெஞ்சில் உட்கார்ந்து வழக்கம்போல ஆரம்பித்தார்.

"அந்த ஆளு இந்தத் தடவை தோத்துருவான். மேடையில கையைப் பாத்தீங்களா? ஆடுது."

அரம் தலையாட்டினார். "அதேதான். முட்டி வலிக்கு எண்ணெய்தான். மாத்திரை எல்லாம் ஏமாத்து வேலை."

நீதிபதி திரும்பிப் பார்த்தார். அரம் திருப்தியாக டீயை உறிஞ்சினார்.

"சரியாச் சொன்னீங்க" என்றார் டிராலி. "அவர்தான் இந்தத் தடவையும் ஜெயிப்பாரு. நம்ம ஓட்டு எப்பவும் அவருக்குத்தான்."

மச்சான் இரண்டு பேரையும் பார்த்துப் பெரிதாகத் தலையாட்டிவிட்டு, "அந்தப் போனை வாங்காதீங்க மாமா, பேட்டரி நிக்காது" என்றான்.

நீதிபதி டம்ளரைக் கீழே வைத்தார். பேச்சை நிறுத்தினார். அவர் நிறுத்தியதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. மூன்று பேரும் ஆளுக்கொரு திசையில் பேசி, ஆளுக்கொரு முறை ஆமாம் போட்டு, மனநிறைவோடு எழுந்தார்கள். டீக்காரர் டம்ளரை எடுக்க வந்தார்.

"இவங்க எப்பவும் இப்படித்தானா?" என்று நீதிபதி மெல்லக் கேட்டார்.

"நீங்களுந்தான்" என்றார் டீக்காரர். "நாலு பேரும் ஒண்ணாப் பேசுவீங்க, ஒருத்தர் பேசுறதை ஒருத்தர் கேக்க மாட்டீங்க. டிவி விவாதத்தைப் பாத்துக் கத்துக்கிட்டீங்கன்னு நினைச்சேன்."

பல வருஷத் தீர்ப்புகள். ஒன்றாவது எந்தக் காதிலாவது ஏறியிருக்குமா? அந்த வருத்தம் அவரை வாசல்வரைதான் பிடித்து வைத்தது. அதற்குள் அதைவிடப் பெரியது ஒன்று மண்டையில் உறைத்தது. மச்சான் முன்னால் போய்க்கொண்டிருந்தான். நீதிபதி அவன் பின்னாலேயே போய், கை எட்டும் தூரத்தில், "டேய், உன் மாமியாரு வந்திருக்காங்க" என்றார். எந்த ஆம்பிளையும் திரும்புவான். மச்சான் திரும்பவில்லை.

அன்று மத்தியானம் முழுக்க ரம்பத்தின் இரு பக்கமும் நின்று இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நீதிபதிக்கு இப்போது அந்த முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. மச்சானுடைய காதை நம்பி இவர் நின்றிருக்கிறார். மச்சான் யாருடைய காதை நம்பி நிற்கிறான்? பலகையைப் பிடித்திருந்த அவனுடைய விரல்கள் வாளுக்குப் பக்கத்தில் போய்ப் போய் வந்தன. சொன்னால் அவன் மூட்டை கட்டப் போக வேண்டும், கூடவே தானும் போக வேண்டும். சொல்லாவிட்டால் என்றைக்கோ ஒரு நாள் அந்த விரல்கள் போகும். கண்ணில் பட்டதற்கெல்லாம் தீர்ப்புச் சொன்னவருக்கு இந்த ஒரு வழக்கில் வாய் வரவில்லை.

அந்த வாரமே முதலாளி கரும்பலகையில் எழுதிப் போட்டார். காது பரிசோதனை வண்டி மில்லுக்கே வருகிறது, எல்லோரும் கட்டாயம் உட்கார வேண்டும், அரசாங்க உத்தரவு. டீக்கடை பெஞ்சு கலங்கிப்போனது. மூவரும் நீதிபதியின் முகத்தைப் பார்த்தார்கள்.

"போகணும்" என்றார் நீதிபதி. "எல்லாரும் போய் உள்ளதை உள்ளபடி காட்டணும்."

அரம் தொடையைத் தட்டினார். "அப்படிச் சொல்லுங்க! ஆஸ்பத்திரிக்காரங்க சும்மா இருக்கிறவனை நோயாளி ஆக்குறவங்கன்னு நீங்கதானே எப்பவும் சொல்லுவீங்க. ஏமாத்திருவோம்."

பழைய தீர்ப்புகளில் அந்த ஒன்று மட்டும் எப்படியோ அவர்கள் காதில் விழுந்து தொலைத்திருக்கிறது. நீதிபதி தலையில் அடித்துக்கொண்டார். அதையும் அவர்கள் ஆமாம் என்றே எடுத்துக்கொண்டார்கள். அரம் கையால் செய்து காட்டித் திட்டத்தை விளக்கினார். காதில் சத்தம் விழுந்தால் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும், அவ்வளவுதான் பரிசோதனை. மனசுக்குள் ஒரு தாளம் போட்டுக்கொண்டு தாளத்துக்கு ஒரு தடவை அமுக்கிக்கொண்டே இருந்தால் தீர்ந்தது. யாரும் எதையும் கேட்க வேண்டியதே இல்லை.

வண்டி வந்தது. முற்றத்தில் நிறுத்தி, பக்கக் கதவைத் திறந்து வைத்தார்கள். முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பரிசோதனை செய்ய ஓர் அம்மா வந்திருந்தார். முதலில் அரம் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் மார்பை நிமிர்த்திக்கொண்டு இறங்கி வந்து, "முடிச்சாச்சு. ஒண்ணு விடாம அமுக்கினேன்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி ரகசியம் சொன்னார்.

அந்த அம்மா பின்னாலேயே வந்தார். "ஐயா, உள்ள வாங்க. நான் இன்னும் மெஷினைப் போடவே இல்ல."

முதலாளி நாற்காலியில் நிமிர்ந்தார். அடுத்து நின்றவன் மச்சான். வெளுத்துப்போய், விரலால் தொடையில் தாளம் போட்டுப் பழகிக்கொண்டிருந்தான். அந்த விரல்களைப் பார்த்ததும் நீதிபதிக்கு என்ன வந்ததோ, வரிசையை விட்டு நேராக முதலாளியின் முன்னால் போய் நின்றார். தலைத் துண்டை அவிழ்த்தார். கருவியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"எனக்குக் காது கேக்காது முதலாளி. ரொம்ப வருஷமா."

முதலாளி கையையும் காதையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப ரம்பத்துச் சத்தத்தை யாருய்யா கேட்டது?"

அவர் முகத்தைப் பார்த்தே கேள்வியைப் புரிந்துகொண்ட நீதிபதி மச்சானைக் கை காட்டினார். "இவன் கேட்டுக்குவான்னு நினைச்சேன். இவனுக்கும் கேக்காது."

மச்சானுக்கு வார்த்தை விழவில்லை. ஆனால் தன்னை நோக்கி நீண்ட கை புரிந்தது. "மாமா, என்னவா இருந்தாலும் நீங்க பாத்துக்குவீங்கன்னுதானே நான்..." என்று ஆரம்பித்தவன், உள்ளங்கையில் இருந்த கருவியைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான். தன் கையைப் பார்த்து, ரம்பத்தைப் பார்த்து, மறுபடி கையைப் பார்த்தான். பிறகு வண்டிக்குள் ஏறினான். தாளம் போடவில்லை.

மாலைக்குள் கணக்கு தெரிந்துவிட்டது. நால்வருக்கும் போயிருந்தது. முதலாளி தலையைப் பிடித்துக்கொண்டார். சட்டப்படி நாலு பேரும் மூட்டை கட்டப் போக வேண்டும். பின்கட்டிலிருந்த பழைய ராஜா செய்தி தெரிந்ததும் ஒரு காலிச் சாக்கை உதறி விரித்து, "வாங்கப்பா வாங்க, இடம் தாராளமா இருக்கு" என்றார். பல வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் சிரித்தார்.

"நாலு பேரும் மூட்டை கட்டினா மரத்தை யார் அறுக்கிறது? நானா?" என்று முதலாளி கத்தினார். கத்தியது பாதிப் பேருக்கு விழவில்லை. யோசித்து யோசித்து, ரம்பத்தை நிறுத்திவைத்து எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். இரண்டு பக்கமும் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு கயிறு தொங்கவிட்டார்கள். யார் இழுத்தாலும் சிவப்பு விளக்கு எரியும், மோட்டாரும் நிற்கும், சக்கரத்தைப் பிரேக் பிடித்துக்கொள்ளும். ரம்பம் ஓடும்போது எல்லோருக்கும் காது மூடி. நின்றபிறகு காதுக் கருவி. மரத்தை வாளுக்கு அனுப்புமுன் ஆணி இருக்கிறதா என்று காட்டுகிற மெஷினும் வந்தது. இதை முன்னாலேயே செய்திருந்தால் பழைய ராஜா பின்கட்டுக்குப் போயிருக்க வேண்டியதில்லை. அதை அவர் மூட்டையோடு மூட்டையாக உட்கார்ந்து சொன்னார். முதலாளிக்கு அப்போது அவசரமாகப் போன் வந்துவிட்டது.

நீதிபதிக்கு ரம்பம் நிலைத்தது. ஆனால் மச்சான் பேச்சை நிறுத்திவிட்டான். "அக்கா, உன் வீட்டுக்காரர் ஊர் முன்னால என்னைச் செவிடனாக்கிட்டாரு" என்று சொல்லி அனுப்பினான். பெஞ்சின் அந்தக் கோடியில் போய் உட்கார்ந்தான். நடுவில் அரமும் டிராலியும் காதுக் கருவியோடு முதல் முறையாக ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்டார்கள். கேட்ட முதல் நாளே சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். இத்தனை காலமும் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தவன் எதிர்க்கட்சிக்காரன் என்பது இருவருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. டீக்காரர் டம்ளர்களைக் காப்பாற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

நீதிபதி மட்டும் விடாமல் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். சும்மா இருந்தால் மச்சான் பேசாமலிருப்பது காதில் விழுகிறது. மில் மதிலில் புதுப் பட போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். கதாநாயகன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். "தேறாது" என்றார் டீ நேரத்தில். பெஞ்சின் கோடியில் மச்சான் எதையோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டான்.

டீ முடிந்து ரம்பம் ஓடத் தொடங்கியது. ஒரு பெரிய மரம் பாதி அறுபட்டிருக்கும்போது சிவப்பு விளக்கு எரிந்தது.

நீதிபதிக்கு உயிரே போய்விட்டது. ரம்பத்தைச் சுற்றிக்கொண்டு ஓடினார். மச்சானின் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல்கள் எல்லாம் இருந்தன. மச்சான் கையை உருவிக்கொண்டு காது மூடியைக் கழற்றினான். மதில் போஸ்டரைக் காட்டினான். கட்டை விரலை உயர்த்தினான். உதடு நன்றாகத் தெரிகிற மாதிரி முகத்துக்கு நேராக வந்து சொன்னான்.

"படம் நல்லாருக்கு. நான் பாத்தேன்."

"அடப்பாவி, இதுக்கா கயித்த இழுத்த?"

"டீ நேரத்துல நீங்க விட்டாத்தானே!"

நீதிபதிக்கு அவனை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. முதலாளி தன் அறைக் கண்ணாடியைத் தட்டிக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். ரம்பத்தில் மரம் பாதியில் நின்றது.

"முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறானேடா?"

மச்சான் கையை விரித்து நீளமாக ஏதோ சொல்ல ஆரம்பித்தான். நீதிபதி அவனைத் தடுத்தார். "இரு, இரு." காது மூடியைக் கழற்றிவிட்டு, சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்து, அவசரப்படாமல் கருவியை மாட்டிக்கொண்டார்.

"இப்ப சொல்லு."